அஸ்தோது மொழி பேசும் பிள்ளைகள்

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, பதினொரு மணியளவில், நோயில்பூசுதல் வழங்க ஒரு வீட்டிற்கு அழைக்கப்பட்டேன். எண்பத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி. கடற்கரை ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர். மகனோடு நகரத்திற்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து செவிமடுத்தேன். 'சர்வேசுரன்', 'அர்ச்சியசிஷ்ட', 'மோட்சம்' எனப் பழைய செபங்களின் சொற்கள் ஒன்றும் இரண்டுமாகக் கேட்டன.

கட்டிலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நால்வர் நின்றிருந்தனர். "பாட்டியோடு சேர்ந்து செபமாலை சொல்லுங்கள்" என்றேன். மூத்தவன் பொறியியல் இறுதியாண்டு மாணவன். பல ஆண்டுகள் பீடச் சிறுவனாக எனக்கு உதவியவன். தலையைத் தாழ்த்தியபடி, "ஃபாதர், எங்களுக்கு இங்கிலீஷில்தான் தெரியும்" என்றான். சரி, அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள், பக்தியோடுதான் சொன்னார்கள். இரண்டாம் பத்து மணிகள் முடிவதற்குள் பாட்டியின் உதடுகள் நின்றுவிட்டன. களைப்பினால் நின்றனவா, அறையில் ஒலித்த மொழி தம்முடையது அன்று என்பதனால் நின்றனவா, நான் அறியேன். விடியுமுன் இறந்துபோனார்.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைக் குறைகூற எழுதப்படுவதன்று. அவர்களுக்கு எது கற்பிக்கப்பட்டதோ அதை அவர்கள் பழுதின்றிக் கற்றிருக்கிறார்கள். குறைகூற வேண்டியவர்கள் பெரியவர்கள்; அவர்களுள்ளும் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற குருக்கள்.

அந்த அடக்கத் திருப்பலி முடிந்த மூன்றாம் வாரம் எங்கள் பங்குப் பேரவையின் முன் ஒரு விண்ணப்பம் வந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்திற்கு மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவர்கள் கையொப்பமிட்டிருந்தனர். இப்போது எங்கள் பங்கில் இரு பிரிவுகள் உள்ளன. தமிழ்ப் பிரிவில் பெரும்பாலும் கொத்தனார், வீட்டு வேலை செய்யும் தாய்மார், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகள். "தமிழ் செக்‌ஷன்" என்று பேரவையில் ஒருவர் சொன்னபோது அந்தச் சொல்லில் இருந்த தொனியை நான் இங்கே எழுத்தில் கொண்டுவர இயலாது. "இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தப் பிள்ளைகளும் முன்னேறுவார்களே, ஃபாதர்" என்றார் அவர். முன்னேற்றம் என்பது ஒரே திசையில் மட்டுமே நடக்கும் என்பது அவருடைய எண்ணம். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஒருவரும் கையொப்பமிடவில்லை; அவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை.

நான் மறுத்துவிட்டேன். மறுத்த காரணத்தை அன்று கோபத்தில் சரியாகச் சொல்லவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

நெகேமியா நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பலர் வாசித்திருக்கமாட்டீர்கள். ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. எருசலேமின் மதிலைக் கட்டி முடித்த நெகேமியா, சில காலம் அரசனிடம் சென்றுவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறார். யூதர் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோது மொழி பேசுகிறார்கள். யூதாவின் மொழி அவர்களுக்குப் பேச வரவில்லை. மதில் நிற்கிறது, ஆலயம் நிற்கிறது, ஆனால் வீட்டுக்குள் மொழி போய்விட்டது. நெகேமியா சினங்கொண்டு தந்தையரைச் சபித்து, சிலரை அடித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்ததாக அவரே எழுதுகிறார். அவருடைய சினத்தின் மூலகாரணமாகிய பிற இனத் திருமண எதிர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத்து இல்லாமல் தாவீது இல்லை, தாவீதின் மகன் என்ற பெயரும் இல்லை. தலைமயிரை இழுக்கவும் எனக்கு அதிகாரமில்லை. ஆயினும் அந்த மனிதர் கண்டுகொண்ட ஒன்றை நாம் காணத் தவறிவிட்டோம். பிள்ளைக்குத் தன் வீட்டு மொழி வாயில் வராதபோது, அந்த வீட்டின் நினைவுகளுக்குள் அவன் விருந்தாளியாகவே நுழைய முடியும்.

மொழி வெறும் கருவிதானே, எந்த மொழியில் செபித்தாலும் கடவுள் கேட்கமாட்டாரா என்று கேட்கிறார்கள். கேட்பார். அதில் எனக்கு ஐயமில்லை. கடவுளுக்குப் புரியுமா என்பதா கேள்வி? தலித்தா கூம், எப்பத்தா, அப்பா என்று ஆண்டவர் பேசிய அரமேயச் சொற்களை மாற்கு தம் கிரேக்க நற்செய்தியில் அப்படியே நிறுத்தி, அருகில் பொருளும் எழுதினாரே, அது ஏன்? பொருளை மட்டும் எழுதியிருந்தால் போதுமே. இறந்து கிடந்த சிறுமியின் கையைப் பிடித்து ஆண்டவர் அவளை எழுப்பியது அவள் வீட்டு மொழியில். அந்த ஒலியைக் கைவிட மாற்குக்கு மனம் வரவில்லை என்றே நான் எண்ணுகிறேன். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சுத்தான். மறுதலிக்கும் நாவிலும் ஊர் இருக்கிறது.

ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பங்கில் மாலை நேர ஆங்கில வகுப்பைத் தொடங்கியவனே நான்தான்; அதில் முதலில் சேர்ந்தவர்கள் அந்தத் 'தமிழ் செக்‌ஷன்' பிள்ளைகள். வேலைக்கும் உயர்கல்விக்கும் ஆங்கிலம் வேண்டும். தாழ்த்தப்பட்ட குடும்பத்துத் தந்தை ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னது இன்னும் என்னை உறுத்துகிறது. "சாமி, தமிழில்தான் எங்களை 'வாடா, போடா' என்றார்கள். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'தான்." இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. நம் மொழியில் சாதியின் அழுக்கு படிந்திருப்பது உண்மை. நம் கோவில்களிலும் அது படிந்திருந்தது, முற்றும் போய்விட்டது என்று சொல்லும் துணிவும் எனக்கில்லை. அவரிடம் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது: "வீட்டில் அழுக்கிருந்தால் கழுவ வேண்டும், வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனால், அழுக்காக்கியவன் அதில் குடியேறிவிடுவான்." அவர் ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட முப்பது பேரில் அவர் இல்லை. கையொப்பமிட்டோரின் கவலையும் வேறு. அவர்களை எவரும் 'வாடா' என்று அழைத்ததில்லை.

கோவாவுக்கு ஒருமுறை சென்று வருவோம். 1684-ஆம் ஆண்டு அங்கே போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் மூன்று ஆண்டுகளுக்குள் தங்கள் தாய்மொழியாகிய கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துக்கீசியம் பேசப் பழக வேண்டும் என்பது அது. பங்குக் குருக்கள் போர்த்துக்கீசியத்திலேயே மக்களுக்கு மறையை விளக்கலாம் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதாவது மக்களின் மொழியைக் குருக்கள் கற்கும் தொல்லை நீங்கும்! இத்தனைக்கும் அதே மண்ணில்தான் இயேசு சபைக் குரு தோமாஸ் ஸ்டீபன்ஸ் மராத்தியில் கிறிஸ்து புராணம் பாடினார். கொங்கணிக்கு அவர் எழுதிய இலக்கணம் 1640-இல் அச்சேறியது. ஆணை பிறந்தது, கொங்கணி சாகவில்லை. அடுப்படியிலும் வயலிலும் அது உயிரோடிருந்து, 1987-இல் கோவாவின் ஆட்சிமொழியாயிற்று.

அந்த ஆணை பிறந்தபோது கோவாவின் திவார் தீவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் ஜாக்கோமே கொன்சால்வெஸ். 1676-இல் பிறந்தவன். தன் தாய்மொழிக்கு நாள் குறிக்கப்பட்ட ஊரில் வளர்ந்த அந்தச் சிறுவன் குருவாகி, 1705-இல் இலங்கைக்குச் சென்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலம் அது. சிங்களமும் தமிழும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதி, 1742-இல் இறந்தார். நம் தென்கடற்கரைக் கோவில்களில் தவக்காலத்தில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுல பிரசங்கம் அவர் தமிழில் எழுதியது. மேலே சொன்ன மூதாட்டி, தம் ஊர்க் கோவில் தரையில் அமர்ந்து அழுதுகொண்டே கேட்டது அந்தப் பிரசங்கத்தைத்தான். மொழியைப் பறிப்பது எத்தகைய கொடுமை என்பதைக் கண்டறிந்த ஒருவர், தம்முடையதல்லாத மொழியைக் கற்று நமக்கு அழக் கற்றுத்தந்தார்.

அவர் உழைத்த சிலாபம், நீர்கொழும்புக் கரையோரத்தில் பிறகு நிகழ்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டில் சிங்களத்திற்கு மாறின. எவரும் வாளோடு வரவில்லை. பள்ளிக்கூடத்தின் மொழி மாறியது, கோவிலின் மொழி மாறியது. இரண்டு தலைமுறைகள் போதுமானதாயிருந்தன. சிங்களம் எவ்வகையிலும் தாழ்ந்த மொழியன்று; அந்த மக்களின் விசுவாசமும் குன்றவில்லை. ஆனால் பாட்டனார் பேசிய மொழி பேரனுக்குத் தெரியாத வீடுகள் அங்கே உள்ளன. இதை நடத்திவைத்ததில் அரசியலுக்கு உள்ள பங்கு கோவிலுக்கும் பள்ளிக்கும் உண்டு. மறைக்கல்வி வகுப்பின் மொழியை மாற்றுவது ஒரு சிறு நிர்வாகச் செயல் என்று பேரவையில் சொன்னவர்கள் அந்தக் கரையை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நம் வீட்டுக் கதை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். விசுவாச அறிக்கையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்ற சொல் புகுந்திருந்தது. பிழையை உணர்ந்த அவர் 1544-இல் தம் உடனுழைப்பாளர் மான்சில்லாசுக்கு எழுதிய மடலில் அதைத் திருத்தச் சொல்கிறார்: 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்றே பொருள், ஆகவே விசுவாசம் என்னும் சொல்லையே வழங்குக என்று. ஒரு சொல்லுக்காக ஒரு மடல்! வெயிலிலும் பசியிலும் அலைந்த அந்த மனிதருக்கு அது சிறு காரியமாகப் படவில்லை.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார், அதாவது என்றிக்கே என்றீக்கஸ், தமிழைக் கற்பதோடு நில்லாமல் அச்சிலும் ஏற்றினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அதற்குக் கடற்கரை மக்கள் தாமே பொருள் கொடுத்து உதவினார்கள். முத்துக்குளித்துச் சேர்த்த காசு அது. தங்கள் செபம் தங்கள் எழுத்தில் அச்சாக வேண்டுமென்று கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம், இன்று தமிழ்ப் பிரிவை மூடச் சொல்லி விண்ணப்பம் எழுதுகிறார்கள். விண்ணப்பமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதில் மூன்று இலக்கணப் பிழைகள் இருந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, பொறுத்தருள்க.

பெயர்களைப் பற்றியும் பேச வேண்டும். என் அறையில் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் உள்ளன. இரவில் உறக்கம் வராதபோது புரட்டிப் பார்ப்பேன். சின்னப்பன், அருளப்பன், முடியப்பன், ஆசீர்வாதம், ஞானப்பிரகாசம், சாமிநாதன். இவற்றை நாட்டுப்புறப் பெயர்கள் என்று இன்றைய பெற்றோர் ஒதுக்குகிறார்கள். இவை மொழிபெயர்ப்புகள், அதிலும் தேர்ந்த மொழிபெயர்ப்புகள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவன். அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்குள் ஆண்டவரின் அருள் இருக்கிறது, ஆகவே அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி. முதல் மறைச்சாட்சி முடியப்பர் ஆனார். பெனெடிக்ட் ஆசி பெற்றவர், ஆசீர்வாதப்பர். தோமினிக் ஆண்டவருக்குரியவர், சாமிநாதர். எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் அறிந்தவர்கள் தமிழரோடு உட்கார்ந்து, பொருளைத் துருவி, 'அப்பன்' என்ற உறவையும் கூட்டி, வானகத்துப் புனிதரை ஊர்க்காரர் ஆக்கினார்கள். இப்பொழுது பதிவேட்டில் நான் எழுதும் பெயர்களில் பல எனக்கே உச்சரிக்க வரவில்லை. கெவினும் ஒரு புனிதர்தான், அயர்லாந்து நாட்டவர். திருச்சபைச் சட்டமும் கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயரை மட்டுமே தவிர்க்கச் சொல்கிறது. ஆகவே நான் தடுப்பதில்லை. 'இந்தப் பெயருக்கு என்ன பொருள்?' என்று மட்டும் கேட்பேன். கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார்கள்.

ஆனால் பெற்றோரை மட்டும் சாடிவிட்டு நான் ஒதுங்கினால் அது நேர்மையாகாது. சின்னப்பரையும் அருளப்பரையும் முதலில் வெளியேற்றியவர்கள் நாங்கள். 1995-இல் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒன்றாக அமர்ந்து செய்த பெரும்பணி. அன்று குருமாணவனாக இருந்த நான் அதை மகிழ்ச்சியோடு கையிலேந்தினேன், இன்றும் ஏந்துகிறேன். அதில் பேதுரு, பவுல், யோவான் என்று பெயர்கள் ஒருமைப்பட்டன. ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு, கொடுத்தோம். ஆனால் அதன் பிறகு, அருளப்பன் என்னும் பெயருடைய முதியவர் ஒருவர் திருப்பலியில் தம் புனிதரின் நற்செய்தியை வாசிக்கக் கேட்டும், அது தம் பெயர் என்பது அவர் காதில் விழுவதில்லை. இதை எவரேனும் எண்ணிப் பார்த்தோமா? அதைவிட மோசம், குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் செய்தது. சேசு என்று சொல்லாதீர்கள், இயேசு என்று சொல்லுங்கள். பூசை அல்ல, திருப்பலி. ஞானஸ்நானம் அல்ல, திருமுழுக்கு. சர்வேசுரன் வடசொல், இறைவன் என்று சொல்லுங்கள் என்று கிழவிகளை நிறுத்தி நிறுத்தித் திருத்தினேன். புதிய சொற்கள் நல்ல தமிழ். இன்று நானும் அவற்றையே வழங்குகிறேன். ஆயினும் அறுபது ஆண்டுகள் வாயில் ஊறிய செபத்தை இடைமறித்துத் திருத்த எனக்கு என்ன உரிமை இருந்தது? அம்மூதாட்டிகள் என் முன்னால் வாயடைத்துப் போனார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் துணிவையும் இழந்தார்கள். "எனக்குச் சரியாத் தெரியாது சாமி, நீங்களே சொல்லிக்கொடுங்க" என்றார்கள். வீட்டிலிருந்த ஆசிரியையை நான் பணிநீக்கம் செய்துவிட்டு, ஞாயிறு வகுப்பைத் திறந்துவைத்தேன். அந்த வெற்றிடத்தில்தான் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. தனித்தமிழ் பேசிய என் ஆர்வமும் ஆங்கில மோகமும் ஒன்றுக்கொன்று பகையென்று நினைத்திருந்தேன். பாட்டிமாரை ஊமையாக்குவதில் இரண்டும் கைகோத்து நின்றன.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாசலைத் திறந்தது. அதற்கு முன் இலத்தீனில் பூசை நடந்தபோது மக்கள் கீழே அமர்ந்து தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீடத்தில் புரியாத மொழி, பாயில் புரிந்த மொழி. இப்போது பீடத்தில் தமிழ் இருக்கிறது. பாயில் அமர்வோரின் பிள்ளைகளுக்கு அது புரியாமல் போகும் காலத்தை நம் கையாலேயே கூட்டிவருகிறோம்.

விண்ணப்பத்தைப் பற்றிய புகார் என் தலைக்கு மேலே சென்றிருப்பதாகக் கேள்வி. எனக்கு மாற்றலும் வரலாம். அடுத்து வருகிறவர் என்ன செய்வார் என்பது அவர் விருப்பம். நான் இருக்கும்வரை தமிழ்ப் பிரிவு இருக்கும். ஆங்கிலப் பிரிவும் இருக்கும். அந்தப் பிரிவுப் பிள்ளைகளும் புதுநன்மை வாங்குமுன், அடிப்படைச் செபங்களை வீட்டு மொழியில், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கற்று, அவரையே அழைத்து வந்து என் முன் சொல்ல வேண்டும் என்று அறிவித்திருக்கிறேன். எந்தச் சொல்லில் சொன்னாலும் திருத்தமாட்டேன். மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் மலையாளத்தில் சொல்லட்டும், தெலுங்கு வீட்டார் தெலுங்கில் சொல்லட்டும்.

வரும் தவக்காலத்தில் வியாகுல பிரசங்கத்தையும் மீண்டும் வாசிக்கவிருக்கிறோம். அந்த இராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் பங்கில் ஒருவரே எஞ்சியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற உபதேசியார், எழுபத்தெட்டு வயது. அவரிடம் கற்றுக்கொள்ள இருவரைக் கேட்டிருந்தேன். ஒருத்தி தமிழ்ப் பிரிவில் பயின்றவள், செவிலியர் கல்லூரி மாணவி. மற்றவன் அந்த மூதாட்டியின் பேரன், அவனாகவே வந்தான். தமிழ் எழுத்து அவனுக்குச் சரளமாக வாசிக்க வராது. உபதேசியார் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். 1554-இல் இலிசுபனில் அச்சான நம் முதல் செப நூலிலும் தமிழ் உரோமன் எழுத்தில்தான் இருந்தது. எழுதிக்கொள் என்றேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கோவில் திண்ணையில், மூவரும் உட்காருகிறார்கள்.